கடலோர வீட்டுக்கு எந்தக் கூரை? எது எத்தனை வருடம் தாங்கும்?

கூரைச் சாமான் விற்கிறவர்கள் சொல்லும் வருடக் கணக்கு பொய் என்று நான் சொல்லமாட்டேன். தகர ஷீட்டுக்கு 30 வருடம், ஓட்டுக்கு 70, கான்கிரீட் தளத்துக்கு 50 என்கிறார்கள்; உள்நாட்டில் அது ஓரளவு பலிக்கவும் செய்யும். கடற்கரைக்கு வந்தால்தான் சிக்கல். அங்கே எல்லாக் கூரைக்கும் ஆயுள் ஒரே அளவில் குறைவதில்லை. ஒன்று ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும், ஒன்று பாதியாகும், இன்னொன்று அப்படியே நிற்கும். அதனால் வருடத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. இந்தக் கூரையில் முதலில் கெடப்போகிற பாகம் எது? அது கெட்டால் அதை மட்டும் மாற்ற முடியுமா? இந்த இரண்டையும் கேட்டுவிட்டால் பாதி முடிவு வந்துவிடும்.

உப்புக் காற்று என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். அலை உடையும்போது கிளம்பும் நீர்த்திவலைகள் காற்றில் ஏறி வந்து கூரையில் உப்பாகப் படிகின்றன. சுத்தமான சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீர் கோத்துக்கொள்ளும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது; அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். கடற்கரையில் காற்று அவ்வளவு உலர்வது அபூர்வம். ஆக, மழையே இல்லாத மாதத்திலும் கூரையின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருந்துகொண்டே இருக்கிறது, அதுவும் உப்பு ஈரம். உலோகங்களின் மேல் இயல்பாக உருவாகும் பாதுகாப்புப் படலத்தைக் குளோரைடு துளைத்துவிடும். மீதி வேலையை ஈரமும் காற்றும் பார்த்துக்கொள்ளும்.

இதிலிருந்து ஒரு விஷயம் கிடைக்கிறது, பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்வது. கடலோரத்தில் மழை கூரைக்கு எதிரி இல்லை, அது உப்பைக் கழுவிவிடுகிறது. மழை நேரே படும் மேல்பக்கம் நன்றாக இருக்க, மழை படாத இறவாரத்தின் அடிப்பக்கம் துருப்பிடித்திருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். சோலார் பேனலை ஷீட்டின் மேல் பொருத்தியவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். பேனலுக்கு அடியில் உப்பு வந்து சேரும், மழை சேராது. பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் இருந்து என்ன, அதைத் தாங்கும் ஷீட் அதற்கு முன்பே போய்விட்டால்?

கடலிலிருந்து எவ்வளவு தூரம்?

பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். காற்றில் உள்ள உப்பு முதல் சில நூறு மீட்டரிலேயே வேகமாகக் குறைந்துவிடும். ஆனால் இதற்கு ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. அலை அடங்கிய வளைகுடாவில் 300 மீட்டரில் இருக்கும் வீடு, பெரிய அலை உடையும் திறந்த கரையிலிருந்து 1 கிலோமீட்டரில் இருக்கும் வீட்டைவிடப் பாதுகாப்பாக இருக்கலாம். ஆண்டில் அதிக நாள் காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது, நடுவில் மரங்களோ கட்டடங்களோ மறைக்கின்றனவா என்பதும் கணக்கில் வரும். அக்கம்பக்கத்தில் ஐந்தாறு வருடமான இரும்பு கேட், ஜன்னல் கம்பி, ஏசியின் வெளிப்பெட்டி எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். எந்த வரைபடத்தையும்விட அவை தெளிவாகச் சொல்லும்.

இதற்கு முறையான அளவுகோலும் உண்டு. ஐஎஸ்ஓ 9223 என்ற சர்வதேசத் தரநிலை, காற்றின் அரிக்கும் தன்மையை சி1 முதல் சி5 வரையும், அதற்கும் மேலே சிஎக்ஸ் என்றும் பிரிக்கிறது. இரும்புத் தகட்டின் மேல் பூசும் துத்தநாகம் சி2 சூழலில் வருடத்துக்கு 0.1 முதல் 0.7 மைக்ரான் கரையும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சி3-இல் 0.7 முதல் 2.1, சி4-இல் 2.1 முதல் 4.2, சி5-இல் 4.2 முதல் 8.4 மைக்ரான். உள்நாட்டு கிராமம் சி2-இல் வரும். கடற்கரை ஒட்டிய முதல் வரிசை வீடுகள் சி5-க்கோ அதற்கு மேலோ போகும். இவை முதல் வருட அளவுகள், பின்னர் வேகம் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் ஒரு மதிப்பீட்டுக்கு இவை போதும்.

ஷீட் கூரைகள்

முதலில் ஜிங்க் ஷீட், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. கடையில் இசட்275 என்று கேட்டால் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகம் பூசியதைக் கொடுப்பார்கள். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 மைக்ரான். மேலே சொன்ன எண்களோடு வகுத்துப் பாருங்கள். சி2-இல் 28 வருடத்துக்கு மேல். சி4-இல் 5 முதல் 10 வருடம். சி5-இல் இரண்டரை முதல் 5 வருடம். பூச்சு போனபின் உள்ளே இருப்பது அரை மில்லிமீட்டர் இரும்பு; சி5 காற்றில் இரும்பு வருடத்துக்கு 80 முதல் 200 மைக்ரான் வரை தேயும். ஓட்டை விழுவதற்கு மூன்று நான்கு வருடம் போதும். விலை மலிவு என்று இதை வாங்கிக் கடலைப் பார்த்த வீட்டில் போடுவதைப் போல வீண் செலவு வேறில்லை. மாட்டுக்கொட்டகைக்கோ தற்காலிக ஷெட்டுக்கோ சரி.

அடுத்தது கால்வால்யூம். துத்தநாகத்துக்குப் பதிலாக 55 சதவீத அலுமினியம், 43.4 சதவீதத் துத்தநாகம், 1.6 சதவீத சிலிக்கான் கலந்த பூச்சு. 1972 முதல் விற்பனையில் இருக்கிறது. ஏஇசட்150 என்ற வகையில் இதன் கனமும் ஒரு பக்கத்துக்கு 20 மைக்ரான்தான், ஆனால் கடல் காற்றில் அதே கனமுள்ள துத்தநாகப் பூச்சைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு தாங்கும். அலுமினியம் அரிப்பைத் தடுத்து நிற்கிறது, துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு வெட்டு ஓரங்களைக் காக்கிறது. கரையிலிருந்து 1 கிலோமீட்டருக்கு அப்பால், மேலே பெயின்ட் பூசிய கால்வால்யூம் 20 முதல் 30 வருடம் ஓடும் என்று எதிர்பார்க்கலாம். முதல் வரிசையில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

பெயின்ட் பற்றி ஒரு வார்த்தை. கலர் ஷீட் என்றாலே பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். சாதாரண பாலியஸ்டர் பூச்சு வெயிலில் சில வருடத்திலேயே வெளுத்து மாவு மாவாக உதிரத் தொடங்கும். பிவிடிஎஃப் என்ற ஒருவகை பிளாஸ்டிக் பூச்சு அதைவிட வெகுகாலம் நிறமும் பிடிப்பும் மாறாமல் இருக்கும், விலை கூடுதல். ஆனால் எந்தப் பூச்சும் வெட்டிய ஓரத்தையும் ஸ்க்ரூ ஓட்டையையும் மூடுவதில்லை. அரிப்பு அங்கிருந்துதான் உள்ளே நுழையும்.

கடலோரத்தில் ஷீட் போடுவதாக இருந்தால் என் வாக்கு அலுமினியத்துக்கு. மாங்கனீசோ மெக்னீசியமோ கலந்த 3000, 5000 வரிசை உலோகக் கலவைகள் கடல் காற்றுக்குப் பழகியவை. கப்பல் கட்டுகிறவர்கள் 5000 வரிசையைத்தான் பயன்படுத்துகிறார்கள். மேலே சிறு சிறு குழிகள் விழும், சாம்பல் நிறமாகும், ஆனால் ஷீட் உள்வரை அரித்துப் போவது மெதுவாகத்தான் நடக்கும். 40 வருடம் நியாயமான எதிர்பார்ப்பு. குறைகளும் உண்டு. மெல்லியது, தேங்காய் விழுந்தால் நெளியும். வெயிலில் இரும்பைப் போல் இரண்டு மடங்கு விரியும்: 10 மீட்டர் ஷீட் 50 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் 12 மில்லிமீட்டர் நீளும், இரும்பு என்றால் 6. அந்த அசைவுக்கு இடம் விடாமல் இறுக்கி அடித்தால் ஸ்க்ரூ ஓட்டைகள் நீண்டு கசியும். அப்புறம், காயாத ஈரச் சிமென்ட் பூச்சு அலுமினியத்தில் படக்கூடாது, அதன் காரம் அரித்துவிடும். சுவரோடு சேரும் இடத்தில் கொத்தனார் வழக்கம்போல் கலவையை அள்ளி அப்பினால் அங்கேதான் முதல் ஓட்டை. கால்வால்யூமுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஷீட்டைவிட ஸ்க்ரூ சின்னது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. நல்ல அலுமினிய ஷீட்டைச் சாதாரண ஜிங்க் பூசிய ஸ்க்ரூவால் அடித்தால், கூரையின் ஆயுள் அந்த ஸ்க்ரூவின் ஆயுள்தான். அலுமினியத்துக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவும், உலோகங்கள் நேரடியாகத் தொடாமல் இருக்க இபிடிஎம் ரப்பர் வாஷரும் வேண்டும். 304 ரகம் கடற்கரையில் பழுப்புக் கறை பிடிக்கும். 316-இல் இருக்கும் 2 முதல் 3 சதவீத மாலிப்டினம்தான் வித்தியாசம். கால்வால்யூம் ஷீட்டுக்கு மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடாதீர்கள். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகங்களும் மின்கலம்போல் வேலை செய்து, ஸ்க்ரூவைச் சுற்றி ஷீட் கரையும். அதற்கு ஷீட் தயாரிப்பாளர் குறிப்பிடும் கடலோர ரகப் பூச்சு ஸ்க்ரூவையே வாங்க வேண்டும். செம்புக் குழாயிலிருந்தோ ஏசியிலிருந்தோ சொட்டும் தண்ணீர் எந்த ஷீட்டின் மேலும் விழக்கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

வேலை நடக்கும் நாளில் கூடவே நின்று பார்க்க வேண்டிய இரண்டு விஷயங்கள். ஷீட்டை மேலே வைத்து கிரைண்டரால் வெட்டக்கூடாது. பறக்கும் சூடான இரும்புப் பொடி பூச்சில் ஒட்டி, ஒரே வாரத்தில் துருப்புள்ளிகளாக மாறும். கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள். அளவு குறிக்கப் பென்சிலும் வேண்டாம். பென்சிலில் இருக்கும் கிராஃபைட், கோடு போட்ட இடத்திலேயே கால்வால்யூம் பூச்சை அரிக்கும். இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் தயாரிப்பாளர்களின் கையேட்டிலேயே இருக்கிறது.

ஓடு

சுட்ட மண் ஓட்டில் துருப்பிடிக்க எதுவும் இல்லை. கடல் காற்று அதைத் தொடக்கூடிய ஒரே வழி நுண்துளைகள்தான்: உப்புத் தண்ணீர் உள்ளே போய், உலரும்போது உப்பு படிகமாகி, மேல்தோலைச் செதில் செதிலாக உதிர்க்கும். சரியாகச் சுடாத ஓடு இப்படிப் பத்துப் பதினைந்து வருடத்தில் பொரியும். நன்றாகச் சுட்டது 50 முதல் 100 வருடம் தாங்கும். கையில் எடுத்துத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் வாங்கலாம். மண்சட்டி உடைந்த மாதிரி மந்தமாக ஒலித்தால் வேண்டாம். ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு முன்னும் பின்னும் எடை பார்த்தால் இன்னும் நிச்சயம். கூடிய எடை குறைவாக இருக்கும் ஓடே நல்லது.

சரி, ஓடு நிற்கும். எதன் மேல் நிற்கிறது? இன்று பல வீடுகளில் மரச் சட்டத்துக்குப் பதிலாக இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் ஓடு போடுகிறார்கள். கரையான் வராது, வேலை சீக்கிரம் முடியும், எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் குழாய் ஓட்டுக்கு அடியில் இருக்கிறது. உப்பு வரும், மழை வந்து கழுவாது. குழாயின் முனைகளை மூடாமல் விட்டால் உள்பக்கத்திலிருந்தும் துருப்பிடிக்கும், அது வெளியே தெரியவே தெரியாது. 80 வருட ஓட்டை 15 வருடச் சட்டத்தின் மேல் வைத்த கதையாகிவிடும். கடலுக்கு அருகில் ஓடு போடுகிறவர் நன்கு பதப்படுத்திய மரத்தையோ, உருக்கிய துத்தநாகத்தில் முழுக்கி எடுத்த கனமான இரும்பையோ தேர்ந்தெடுப்பதே நல்லது. முழுக்கிப் பூசும் பூச்சு ஷீட்டில் இருப்பதைப் போல் மூன்று நான்கு மடங்கு கனம் வரும். வெட்டுவது, துளையிடுவது, பற்றவைப்பது எல்லாம் முழுக்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஆணி செம்பிலோ 316 ஸ்டெயின்லெஸிலோ இருக்கட்டும்.

ஓட்டின் பெரிய பலம், கெட்டால் கெட்டதை மட்டும் மாற்றலாம் என்பது. ஒரு ஓடு உடைந்தால் ஒரு ஓடு. பலவீனம் காற்று. காற்றின் வேகம் 100 கிலோமீட்டரிலிருந்து 150-க்கு ஏறினால் விசை ஒன்றரை மடங்கு ஏறுவதில்லை, இரண்டேகால் மடங்கு ஏறும். கூரையின் மூலைகளிலும் ஓரங்களிலும் முகட்டிலும்தான் உறிஞ்சி இழுக்கும் விசை அதிகம். புயல் வரும் கரையில் ஓட்டை வெறுமனே அடுக்கி வைப்பது ஆபத்து. ஓர வரிசைகளில் ஒவ்வொரு ஓட்டையும் ஆணியாலோ கிளிப்பாலோ பிடிக்க வேண்டும்.

சிமென்ட் ஓடுகள் இதைவிடக் கனமானவை, நிறம் சீக்கிரம் போகும், 30 முதல் 50 வருடம். மற்றபடி மண் ஓட்டுக்குச் சொன்னதெல்லாம் இதற்கும்.

கான்கிரீட் தளம்

புயலுக்கு அசையாதது இதுதான். அதனாலேயே கடலோரத்தில் பெரும்பாலோர் கண்ணை மூடிக்கொண்டு இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்கு இதில் உள்ள தயக்கம் ஒன்றுதான்: மற்றக் கூரைகள் கெடும்போது கண்ணுக்குத் தெரியும், இது கெடுவது உள்ளே நடக்கும்.

சிமென்டின் காரத்தன்மை மிக அதிகம், பிஎச் 12.5-க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் ஒரு மெல்லிய படலம் உண்டாகி அதைத் துருவிலிருந்து காக்கிறது. குளோரைடு கான்கிரீட்டின் துளைகள் வழியாக மெல்ல இறங்கி கம்பியைத் தொட்டதும் அந்தப் படலம் உடைகிறது. துரு, தான் தின்ற இரும்பைப் போல் 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாததால் கான்கிரீட்டைப் பிளக்கும். வீட்டுக்காரர் முதலில் பார்ப்பது கீழ்ப்பக்கத்தில் கம்பி ஓடும் வரிசையில் ஒரு விரிசல், பழுப்புக் கறை, பிறகு பொரிந்து விழும் துண்டுகள். அதற்குள் உள்ளே பல வருடம் கடந்திருக்கும்.

இங்கே ஆயுளைத் தீர்மானிப்பது கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் இடையில் உள்ள கான்கிரீட்டின் கனம், வேலைக்காரர் பேச்சில் 'கவர்'. குளோரைடு இறங்கும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். அப்படியானால் கவரை 20 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆக்கினால் காலம் இரண்டு மடங்கு ஆகாது, ஏறத்தாழ நான்கு மடங்கு ஆகும். 12 வருடத்தில் கம்பியைத் தொடவேண்டிய உப்பு 48 வருடம் எடுத்துக்கொள்ளும். வீடு கட்டும் மொத்தச் செலவில் இவ்வளவு மலிவாக இவ்வளவு ஆயுளை வேறெங்கும் வாங்க முடியாது. ஆனால் கவரைக் கூட்டும்போது தளத்தின் கனத்தையும் பொறியாளர் மறுபடி கணக்கிட வேண்டும். வாய்மொழியாகச் சொல்லி முடிகிற காரியம் அல்ல இது.

மற்றவை: தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45-ஐத் தாண்டக்கூடாது. கலவை இளக்கமாக இருந்தால் வேலை சுலபம் என்று தண்ணீரை ஊற்றும் கை, துளைகளையும் சேர்த்து ஊற்றுகிறது. கழுவாத கடல் மணலும் உவர்நீரும் கலவையில் சேர்ந்தால் குளோரைடு வெளியிலிருந்து வரவேண்டிய அவசியமே இல்லை, முதல் நாளிலேயே உள்ளே இருக்கும். கம்பிக்கு அடியில் கருங்கல் சில்லு வைக்காமல், கவரின் அளவுக்கே செய்த சின்னக் கட்டையான கவர் பிளாக் வையுங்கள். இரும்பு உருக்கும் உலையின் கசடு கலந்த சிமென்ட் குளோரைடை நன்றாகத் தடுக்கும், ஆனால் அதற்கு நனைப்பு நாட்கள் கூடுதலாக வேண்டும். எபாக்சி என்ற பிசின் பூசிய கம்பியை நம்பி மற்றதைத் தளர்த்திவிடாதீர்கள். அமெரிக்காவின் புளோரிடா கீஸ் கடற்பாலங்களில் அத்தகைய கம்பிகள் 1980-களிலேயே, கட்டிச் சில வருடங்களுக்குள், துருப்பிடித்தன.

இப்படிக் கட்டிய தளம் 50 வருடம் நிற்கும். இதையெல்லாம் விட்டுவிட்டுக் கட்டியது முதல் வரிசையில் 15 வருடத்தில் பொரியத் தொடங்கும். ஒரே பொருள், இவ்வளவு வித்தியாசம். கெட்டபின் பழுது பார்ப்பதும் எளிதல்ல. பொரிந்த இடத்தை மட்டும் கொத்தி எடுத்துப் புதுக் கலவை பூசினால், அதைச் சுற்றி அடுத்த சில வருடத்தில் புது வெடிப்புகள் வரும். துருப்பிடித்துக்கொண்டிருந்த பகுதி பக்கத்துக் கம்பியைத் தன்னையறியாமல் காத்துக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ததும் அடுத்த இடம் துருப்பிடிக்கத் தொடங்குகிறது. உப்பு ஏறிய கான்கிரீட்டை, கம்பி துருப்பிடிக்காத இடம் வரை தாண்டி எடுத்தால்தான் பழுது நிலைக்கும்.

மீதி சில

சிமென்ட் ஷீட் துருப்பிடிக்காது, அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கொக்கி போல்ட் (ஜே போல்ட்) துருப்பிடிக்கும். பழைய ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்த நார் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரலாம், 60-க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்திருக்கின்றன. புதிதாகப் போட யோசிக்கவே வேண்டாம். ஏற்கெனவே இருந்தால் தேய்த்துக் கழுவவோ துளையிடவோ கூடாது. தார் ஏற்றிய மெல்லிய அட்டைகளை ஓடுபோல் அடுக்கும் தார் ஷிங்கிளுக்கு உப்பு பிரச்சினை இல்லை, வெயிலும் காற்றும்தான். வெப்பக் கரைகளில் 15 வருடம் போனால் அதிகம். பாலிகார்பனேட் ஷீட் 10 வருடத்தில் மஞ்சளித்து நொறுங்கத் தொடங்கும், வெளிச்சத்துக்கு இரண்டு ஷீட் போடலாம், முழுக் கூரைக்கு ஆகாது.

எந்த வீட்டுக்கு எது?

கடலை நேரே பார்க்கும் வீடு, புயலும் வரும் என்றால்: 40 மில்லிமீட்டருக்குக் குறையாத கவரோடு, மேற்பார்வை பார்க்க நம்பகமான பொறியாளர் இருந்தால் மட்டும் கான்கிரீட் தளம். அந்த மேற்பார்வை கிடைக்காது என்று தோன்றினால் 316 ஸ்க்ரூவோடு அலுமினிய ஷீட். மோசமான கான்கிரீட்டைவிட நல்ல அலுமினியம் மேல், ஏனென்றால் 40 வருடம் கழித்தும் அதைக் கழற்றி மாற்றலாம்.

புயல் அபாயம் குறைந்த கரையில், மரச் சட்டத்துக்குச் செலவழிக்கத் தயார் என்றால் மண் ஓடுதான் என் தேர்வு. நீண்ட காலக் கணக்கில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. கரையிலிருந்து 1 கிலோமீட்டர் தாண்டிவிட்டால் கால்வால்யூமை யோசிக்கலாம், 3 அல்லது 4 கிலோமீட்டர் என்றால் தயங்காமல் போடலாம். ஏற்கெனவே உள்ள தளம் கசிகிறது என்று மேலே ஷீட் போட நினைப்பவர்கள், முதலில் தளத்தின் கீழ்ப்பக்கத்தைத் தட்டிப் பார்க்கட்டும். டொம்மென்று ஒலித்தால் கம்பி துருப்பிடித்திருக்கிறது. மேலே ஷீட் போட்டாலும் அது நிற்காது.

எதைப் போட்டாலும் மழை படாத இடங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்: இறவாரத்தின் அடிப்பக்கம், பேனலுக்குக் கீழே, மழைநீர்க் காடியின் வெளிப்பக்கம். மழை இல்லாத மாதங்களில் முழு ஷீட்டையும்.

கடைசியாக, உத்தரவாதச் சீட்டு. ஷீட் தயாரிப்பாளர்கள் பலர் உடையும் அலையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கும் வீட்டுக்கு உத்தரவாதம் தருவதில்லை, அல்லது வருடங்களைக் குறைத்துவிடுகிறார்கள். மழை படாத பகுதியைக் கழுவினீர்களா என்று கேட்கும் நிபந்தனையும் சிறிய எழுத்தில் இருக்கும். ஆர்டர் கொடுப்பதற்கு முன் வீடு கடலிலிருந்து எத்தனை மீட்டர் என்பதை எழுதிக் கொடுத்து, அந்த தூரத்துக்கு உத்தரவாதம் எத்தனை வருடம், ஸ்க்ரூவுக்கும் அது பொருந்துமா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு கடையைப் பாருங்கள்.